பாதிப் பக்கம் காலி

கந்தர்வக்கோட்டை பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் உட்காரும்போதே, "பஞ்சாயத்து நோட்டுல கோடு கிழிச்சுட்டு வாரேன் மதினி" என்றாள்.

"ஏன்டி?"

"கிராம சபையில கையெழுத்துப் போடச் சொன்னாக. மேல பாதிப் பக்கம் காலி. போன தடவ அப்படிப் போட்டதுக்குத்தான், வாய்க்கால மூடிக் கடை கட்ட ஊரே சம்மதிச்சதா எழுதிக்கிட்டாக. எங்க வயலுக்கு வேற தண்ணி ஏது? காலி எடம் பூராக் கோடு இழுத்துட்டுத்தான் போட்டேன். கிளார்க்கு மொகமே செத்துப்போச்சு."

"அப்பறம்?"

"புதுப் பக்கத்துல, கடை வேணாம்னு நாங்க சொல்லச் சொல்ல எழுதிச் சத்தமாப் படிச்சாரு. அதுக்குக் கீழ எல்லாரும் போட்டோம்."

மதினி குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "எங்க ஊர்ல நான் எப்பவும் காலிப் பக்கத்துலதான்டி போடுறேன்" என்றாள். "நாளைக்கே போயி நோட்டக் காட்டச் சொல்றேன்."