பவேரியாவில் கம்பம், ஷார்ஜாவில் அண்டா

பதினொரு மணி வெயிலிலும் பட்டுவேட்டி கசங்காமல் வீற்றிருக்கும் ஷார்ஜா தமிழ்ச் சங்கத் தலைவர் பழனிச்சாமி அவர்களே! லீவு கிடைத்தும் கிடைக்காமலும் வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளின் ஆங்கிலத்தை அதட்டி அமர்த்தியிருக்கும் தாய்மார்களே! அஜ்மானிலிருந்து பஸ் பிடித்து வந்த அழகுமலையின் அன்பு வணக்கம்!

லிஃப்ட் மெக்கானிக்கான என்னைக் கம்பெனி நான்கு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனியின் பவேரியாவுக்கு அனுப்பியது. அந்த மண்ணைப் பற்றிப் பேசச் சொன்னார் தலைவர். தெற்கே ஆல்ப்ஸ் மலை, குறுக்கே டான்யூப் நதி! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு வரை மன்னர் ஆண்ட மாநிலம்! அந்த ஊர்க்காரனை 'ஜெர்மானியனா?' என்று கேட்டால், 'முதலில் பவேரியன்' என்பான். நமக்கு இது புதிதா? ஊர் கேட்டால் நாம் இந்தியா என்றா சொல்கிறோம்? உசிலம்பட்டிக்குத் தெற்கே என்கிறோம்!

கை தட்டாதீர்கள். பாதி நாற்காலி காலி, எதிரொலிக்கிறது. ஏன் காலி? இரண்டாண்டுக்கு முன் அழைப்பிதழில் நம் மகேசன் அண்ணன் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்தோம். "என்ர பேரை வாசிக்கப் பூதக்கண்ணாடி வேணும் போல கிடக்கு" என்றார் அந்த யாழ்ப்பாணத்து மனிதர். அஜ்மானில் தனிச் சங்கம் கண்டார். அன்றுமுதல் இரு தலைவர்களும் பேசுவதில்லை. ஒரே லிஃப்டில் ஏறினாலும் ஆளுக்கொரு சுவரைப் பார்க்கிறார்கள். அந்த லிஃப்டைச் சர்வீஸ் செய்பவன் நான், எனக்குத் தெரியாதா?

பவேரியாவில் மே மாதம் ஊருக்கு ஊர் நெடுங்கம்பம் நடுவார்கள். நடும் முன்னே பக்கத்து ஊர்க்காரன் அதைத் திருடலாம்! போலீசுக்குப் போவது அவமானம். பறிகொடுத்தவர்கள் போய்ப் பேச வேண்டும், விருந்து வைக்க வேண்டும். திருடியவர்களே தூக்கி வந்து தருவார்கள், இரண்டு ஊரும் சேர்ந்து உண்ணும். அங்கே பீர், நமக்கு மோர்!

யாரம்மா சமையலறையில் கூச்சல்? சங்கத்து அண்டாவைக் காணோமா? அதைத்தான் சொல்ல வந்தேன். நேற்றுச் சாயங்காலம் எடுத்தவன் நான். கூட ஒரு காதைப் பிடித்தவர் மகேசன் அண்ணன்!

"ஏனுங்க அழகுமலை, மேடையில நின்னு வெளையாடறீங்களா?"

மாஃபி போலீஸ், தலைவரே, போலீஸ் கிடையாது! இது பவேரிய வழக்கம்! முன்பெல்லாம் அந்த அண்டாவில் நமக்குச் சமைத்தவர் யார்? அவர்தானே! விடியக்காலையே சமைத்து முடித்து, இதோ வாசலில் தன் சங்கத்தார் நிறைந்த வேனோடு நிற்கிறார். "அவர் வந்து கூப்பிட்டால்தான் உள்ளுக்கு வருவன்" என்கிறார்.

ரோலா கடைத்தெருவில் எதிரே வருபவன் எந்தச் சங்கம் என்று பார்த்து வணக்கம் சொல்கிறோமே, எனக்கு வலிக்கிறது. கடல் தாண்டத் தெரிந்த நமக்கு, நாடு தாண்டத் தெரிந்த நமக்கு, ஓர் எழுத்தின் உயரத்தைத் தாண்டத் தெரியாதா?

தலைவர் எழுந்துவிட்டார்! மைக் வயரைப் பார்த்து, தலைவரே! நான் முடிக்கும்வரை இருந்திருக்கலாம், பரவாயில்லை. அதோ, வேனருகே போய்விட்டார்!

"மகேசா, வா போலாம். நீ அந்தக் காதைப் புடி."

"பாத்துப் பிடியும், சுடும்!"

கேட்டதா? இரண்டு வருடம் கழித்து அவர்கள் பேசிய முதல் பேச்சு இது. சோறு வரும்போது என் பேச்சை எவர் கேட்பார்? வந்தோர்க்கு நன்றி, வராமலிருந்து இப்போது வேனிலிருந்து இறங்குவோர்க்கு இரட்டை நன்றி. வணக்கம், இலையை விரியுங்கள்!