சக்கரவர்த்தியிடம் நான் கொண்டுபோன கடைசிக் கடிதம்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரிகள் மேடும் பள்ளமுமாகப் போகின்றன. 'ண' எழுதும்போது சுழிகளை இன்னும் எண்ணித்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்லத் தானே டைப் அடித்துக்கொள்வதாக, இந்த வழக்கைப் போட்டிருக்கும் மரகதம் அம்மாளின் வழக்கறிஞர் நிலக்சி சொன்னார். "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ, நான் அடிச்சுக்கொண்டு போறன். அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அதற்கான காரணம் கீழே வரும். இதை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது.

என் பெயர் நஞ்சுண்டன். தகப்பனார் பெயர் மாரப்பன். வயது எழுபது. சொந்த ஊர் ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம். தற்போது நியூ ஜெர்சி மாநிலம் பிஸ்கட்டவேயில் ஒரு வீட்டின் மாடி அறையில் நான்கு மாதமாக வாடகைக்கு இருக்கிறேன். அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் இதே ஊரில் திரு. கஸ்தூரிரங்கன் அவர்களின் வீட்டில் இருந்தேன்.

மேற்படி கஸ்தூரிரங்கனுக்கு மூன்று உணவகங்களும் சக்கரவர்த்தி விலாஸ் என்ற விருந்து மண்டபமும் இருக்கின்றன. மண்டபத்தின் பெயரை வைத்து எல்லோரும் அவரைச் சக்கரவர்த்தி என்பார்கள். என்னை மந்திரி என்பார்கள். முதலில் கேலியாகச் சொன்னார்கள், பிறகு அதுவே என் பெயராகிவிட்டது. 1997ஆம் வருடம் சமையல்காரன் என்று காகிதத்தில் காட்டி அவர் என்னை இங்கே அழைத்து வந்தார். எனக்குச் சமையல் வராது. எனக்கு வந்தது பேச்சு. ஒருவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். எங்கே சத்தமாகச் சொல்ல வேண்டும், எங்கே சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று தெரியும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்களிடம் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்பேன். இருபத்தெட்டு வருடம் கண்ணாடியை மறந்த ஆள் நான்.

கோயில் அன்னதானத்தை எங்கள் மண்டபத்துக்குக் கொடுக்கலாமா என்று கோயில் நிர்வாகிகள் இரண்டு பிரிவாகச் சண்டை போட்டபோது அவர் என்னைத்தான் அனுப்பினார். பதினொரு வீடு ஏறி இறங்கினேன். பதினொரு வீட்டிலும் காபி குடித்தேன். அசைவம் சமைக்காத தனிப் பாத்திரம், தனி அடுப்பு என்று பேசி முடித்தேன். அதன் பிறகு மண்டபத்தில் எதைத் தொடங்குவதானாலும் அவர் "மந்திரி என்ன சொல்றாப்ல?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்பார். அந்தக் கேள்வியைக் காதால் கேட்பதற்காகவே நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

2011ஆம் வருடம் ஆறு சமையல்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் பாஸ்போர்ட்டை எங்கள் கையில் கொடுங்கள் என்று கேட்டார்கள். பாஸ்போர்ட்டுகள் அவருடைய அறையில் இரும்பு பீரோவில் இருந்தன. நான் போய் ஒரு மணி நேரம் பேசினேன். செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுமுறை என்றேன். தொலைந்துபோகாமல் பத்திரமாக இருக்கட்டும் என்றேன். அடுப்பு எரிந்தது. ஒரு பாஸ்போர்ட்டும் வெளியே வரவில்லை. அன்று அவர் என்னைக் காரில் முன் இருக்கையில் உட்காரவைத்துத் தானே ஓட்டிக்கொண்டு போனார். அன்று மாலையே பீரோ சாவியை என்னிடம் கொடுத்தார். "படிச்சவன் கையில இதக் குடுக்க முடியுமாப்பா?" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

சமையல்காரர்கள் ஏழு பேர் மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு முதலாளியிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஒரு தாளில் எழுதி மடித்து என்னிடம் கொடுப்பார்கள். நான் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பேன். அவர் படித்து எனக்குச் சொல்லிவிட்டுத் தாளைப் பீரோவில் வைக்கச் சொல்வார். பிறகு பதிலை என் வாயால் அனுப்புவார். இதுதான் வழக்கம்.

சுவாமிநாதன் 2021ஆம் வருடம் வந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தொன்பது, இனிப்பு போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஜாங்கிரியைப் பற்றிப் பேசுவார். என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். நான் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு சிறிய கிண்ணத்தில் ஏதாவது இனிப்பு வைத்துவிட்டு ருசி எப்படி என்று கேட்காமல் நகர்ந்துவிடுவார்.

2023 டிசம்பர் 28ஆம் தேதி மதியம் நான் மண்டபச் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுவாமிநாதன் வந்து மைதாப் பசையால் ஒட்டிய ஒரு மடித்த தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே ஏதோ எழுதியிருந்தது. "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றார். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் வேறு எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல அது முதலாளிக்கு வந்தது என்று நினைத்தேன். அதன் பிறகு அதைச் சட்டைப்பையில் வைத்து, கை கழுவி, கஸ்தூரிரங்கனின் அறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

அவர் மேலே இருந்த எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பிரித்துப் படித்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தார். "என்னங்கய்யா எழுதியிருக்கறான்?" என்று கேட்டேன். "குளிருதாமா. ஜாக்கெட் கேக்கறான்" என்றார். தாளை மடித்துப் பீரோவில் வைக்கச் சொன்னார். வைத்துப் பூட்டினேன். அவர் நினைத்திருந்தால் கிழித்துப் போட்டிருக்கலாம். அதற்கு அவருக்குத் தேவை இருக்கவில்லை. நான்தான் அவருடைய பூட்டு.

மறுநாள் அவர் வாங்கிக் கொடுத்த நீல நிற ஜாக்கெட்டை நான் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். சுவாமிநாதன் ஜாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "படிச்சீகளா, அண்ணாச்சி?" என்று கேட்டார். படித்தேன் என்றேன். "அய்யா எல்லாத்தையும் பாத்துக்குவாருங்க. பொங்கல் ஆர்டர் முடியட்டும்" என்றேன். என் குரல் எப்போதும் போல் நல்ல குரலாக இருந்தது. அவர் சிறிது நேரம் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தார். அதன் பிறகு "சரி அண்ணாச்சி" என்றார். அதற்கப்புறம் என் தட்டுக்குப் பக்கத்தில் இனிப்புக் கிண்ணம் வரவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

2024 ஜனவரி 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அறுநூறு பேருக்குப் பொங்கல் விருந்து. பகல் பன்னிரண்டரை மணிக்கு சுவாமிநாதன் அக்காரவடிசல் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர் கரண்டியை அண்டாவின் மேல் குறுக்காக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் ஓடினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துவிட்டார். வெளியே கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காரவடிசல் அடிப்பிடித்துவிடும் என்று யாரோ வந்து அடுப்பை அணைத்தார்கள்.

பிப்ரவரி மாதம் அவருடைய மனைவி மரகதம் அம்மாள் ஊரிலிருந்து எனக்குப் போன் செய்தார். அழவில்லை. "ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி அண்ணாச்சிக்கு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கேன்னு அவுக சொன்னாகளே. நீங்க படிச்சீகளா?" என்று கேட்டார். அது எனக்கு எழுதிய கடிதம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் வாய் பழக்கப்பட்டபடி "படிச்சனுங்கம்மா" என்றது. "பெறவு ஏன் கூட்டிட்டுப் போகல?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். சுவாமிநாதனிடம் ஒரு முறை, அவர் மனைவியிடம் ஒரு முறை, ஆக இரண்டு முறை படித்தேன் என்று சொன்னேன். இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கடிதம் என் இடுப்புச் சாவியால் திறக்கும் பீரோவில்தான் இருந்தது. யாரையாவது படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். அதற்கு முதலில் எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த வெட்கத்தினால் மேலும் பதினான்கு மாதம் போயிற்று.

சனிக்கிழமை காலையில் எங்கள் மண்டபத்தில் தமிழ்ப் பள்ளி நடக்கும். கதவைத் திறந்துவிடுவது என் வேலை. திறந்துவிட்டு முதல் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரத் தொடங்கினேன். ஆசிரியை தாமரைச்செல்வி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். முதல் நாள் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த ஆறு வயதுப் பெண் வெண்பா என் நோட்டை எட்டிப் பார்த்து, "தாத்தா, யுவர் 'அ' லுக்ஸ் லைக் எ சிக்கன்" என்றது. என் 'அ' கோழி மாதிரி இருந்ததாம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நீதிமன்றத்திடம் மறைக்க விரும்பவில்லை, அந்தச் சனிக்கிழமைகளில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். மளிகைக் கடையில் அரிசி மூட்டை மேல் இருந்த எழுத்தை வாய்விட்டுப் படித்த நாள் கடைக்காரரிடம் தேவையில்லாமல் கை குலுக்கினேன். எதற்காகப் படிக்க வந்தேன் என்பதைச் சில நேரம் மறந்தும் போனேன். அதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது.

2025 ஏப்ரல் 9ஆம் தேதி காலை கஸ்தூரிரங்கன் வெளியே போயிருந்தபோது பீரோவைத் திறந்தேன். தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மைதாப் பசை காய்ந்த அந்தத் தாளை எடுத்து மேலே இருந்ததைப் பார்த்தேன். படிக்கவே வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் நான் முதலில் எழுதிப் பழகிய சொல், என் பெயர், அது. நஞ்சுண்டன் அண்ணாச்சிக்கு என்று இருந்தது. உள்ளே ஒன்பது வரி. நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதை இங்கே அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"அண்ணாச்சிக்கு வணக்கம். படியேறினால் நெஞ்சு வலிக்குது. இடது கை மரத்துப்போகுது. ஒரு மாசமா இருக்கு. முதலாளிக்குத் தெரிஞ்சா பிளேன் ஏத்திவிடுவாரு. மகளுக்குப் படிப்பு முடிய ரெண்டு வருசம் இருக்கு. இலவச ஆசுபத்திரி இருக்காமே, எனக்கு இங்கிலீசு தெரியாது, ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. முதலாளிகிட்ட சொல்லிராதீங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

ஆகவே சுவாமிநாதன் கடைசிப் பதினாறு நாளும் என்ன நினைத்திருப்பார் என்பது இப்போது எனக்குத் தெரியும். நான் படித்துவிட்டு, சொல்லாதே என்றதை முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஒரு ஜாக்கெட்டோடு திரும்பி வந்தேன் என்று நினைத்திருப்பார். அது தவறு என்று அவரிடம் சொல்ல இனி வழியில்லை. ஒருவகையில் அது தவறும் இல்லை.

அன்று மதியம் கஸ்தூரிரங்கன் வந்ததும் அவர் எதிரில் நின்றுகொண்டு கடிதத்தை உரக்கப் படித்தேன். ஒன்பது வரிக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்ததும், "ஏப்பா மந்திரி, உனக்கு யாரு படிக்கச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். அது ஒன்றைத்தான் கேட்டார். "உங்க மண்டபத்துலதானுங்கய்யா, சனிக்கிழமை காலைல" என்றேன். அதன் பிறகு பீரோவில் இருந்த ஏழு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினேன். பாஸ்போர்ட்டுகளில் ஆறை உரியவர்களிடம் கொடுத்தேன். ஏழாவது சுவாமிநாதனுடையது. அதையும் கடிதத்தையும் நிலக்சியிடம் ஒப்படைத்தேன்.

சுவாமிநாதனுக்கு உடம்பு சரியில்லை என்று தனக்குத் தெரியவே தெரியாது, எந்தக் கடிதமும் தன்னிடம் வரவில்லை என்று கஸ்தூரிரங்கன் சொல்லியிருப்பதாக அறிகிறேன். நஞ்சுண்டன் எழுத்தறிவில்லாதவர், அவருக்குக் கடிதத்தில் இருப்பது எப்படித் தெரியும், யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார் என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். அதனால்தான் இதை என் கையால் எழுதினேன். சந்தேகம் இருந்தால் நீதிமன்றத்தில் எந்தத் தாளை வேண்டுமானாலும் என்னிடம் கொடுக்கலாம். மெதுவாகப் படிப்பேன்.

அவர் எனக்கு இருபத்தெட்டு வருடம் சோறு போட்டார். அதையும் மறுக்கவில்லை. அவர்மேல் எடுக்கும் நடவடிக்கையில் என்னை விட்டுவிட வேண்டாம்.

மேலே இருப்பது முழுவதும் எனக்குத் தெரிந்து நடந்த உண்மை. இதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. இதே நோட்டில் இன்னும் நான்கு தாள் மீதம் இருக்கிறது. அடுத்த வாரம் மரகதம் அம்மாளுக்கு எழுதுவேன். ஏன் கூட்டிப்போகவில்லை என்று அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முதல் வரி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது, அம்மா.

(ஒப்பம்)
மா. நஞ்சுண்டன்
பிஸ்கட்டவே, 2025 ஆகஸ்ட் 21