பாறைக்கு வலிக்காமல்

ஆம்புலன்ஸ் சைரன் திடீரென்று அலறியபோது, நான் பழைய டூத் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை வழுக்காமலிருக்க ஏறுகிறவர்கள் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடி, பாறையில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். துடைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

இரண்டடி தள்ளி என் மைத்துனன் கிடந்தான். மனைவியின் ஒரே தம்பி.

எங்கள் மலையேறும் குழுவில் எனக்குப் பட்டப்பெயர் துடைப்பம். அடுத்தவர் தின்று போட்ட ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வேன். பாசியை மிதிக்கக் கூடாதென்று சுற்றுவழியில் போய்க் காலைச் சுளுக்கிக்கொள்வேன். "அத்தான் தான் விட்ட மூச்சைக்கூடத் திருப்பி எடுத்துட்டு வந்துருவார்" என்பான் மைத்துனன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கிண்டல் நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் செங்குத்துப் பாறையின் நடுப்பாதையில் பதினோரு வருடம் ஏறிப் பார்த்தேன். முக்கால் உயரத்தில் கால் உதறத் தொடங்கும். மூட்டை மாதிரி கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்குவேன். இதில் என் தொப்பைக்கும் பங்குண்டு. போன வாரம் மைத்துனன் சரியாக அந்த இடத்தில் துளை போட்டு, கயிறு மாட்ட ஒரு போல்ட் அடித்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை உச்சியைத் தொட்டுவிடுவதாக வீட்டில் சொன்னான். நீங்கள் கீழே நின்று கயிறு பிடித்தால் போதும் என்றாள் என் மனைவி.

எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. பாறையைத் துளைத்தது தவறு, அவ்வளவுதான். சனிக்கிழமை தனியாகப் போய், மேலிருந்து கயிற்றில் இறங்கி, போல்ட்டைக் கழற்றினேன். அதே பாறையின் தூளைப் பசையில் குழைத்துத் துளையை அடைத்தேன். தழும்புகூடத் தெரியவில்லை. வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான கைவேலை அது. வீட்டுக் குழாய் இன்றும் ஒழுகுகிறது.

அவனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் காரில் அவன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தான். குறுக்கே பேசுவது என் பழக்கமில்லை.

முக்கால் உயரத்தில் அவன் கை பாறையைத் தடவியது. கயிறு கடைசியாக மாட்டியிருந்த இடம் அவனுக்கு வெகு கீழே இருந்தது.

"அத்தான், போல்ட்டைக் காணோம்."

"நல்லாத் தேடு" என்றேன்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இரண்டு நிமிடம் தேடியிருப்பான், பிடி நழுவிவிட்டது. கயிற்றை நான் ஒழுங்காகத்தான் பிடித்திருந்தேன். அது இறுகுவதற்குள் நடுவிலிருந்த பாறைத் திட்டு அவனை வாங்கிக்கொண்டது.

மெதுவாகக் கீழே இறக்கினேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். காலி பாட்டிலை மறக்காமல் பையில் வைத்தேன். சுற்றுமுற்றும் குப்பை பொறுக்கினேன். நாற்பது நிமிடம் கழித்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அது வந்து சேர்ந்தபோது அவன் தண்ணீர் கேட்பதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது.

ஒளிக்காமல் எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சொன்னேன். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, பாறைக்காகத்தான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பக்கத்துச் சின்னப் பாதையில ஆறு போல்ட் இருக்கு, நீங்க அடிச்சதுன்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க. அதுல ஒண்ணைக்கூடக் கழட்டலையே, சார்?"