துக்க மெத்தையில் உட்கார்ந்தவள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, முன்வரிசைக்கு வரக் கூச்சப்பட்டுச் சுவரோரம் நிற்கும் டப்பாத் தொழிற்சாலைத் தோழிகளே, நியூ பிரைட்டன் மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முழங்கால் வலி. "உட்கார்ந்தே பேசுங்கம்மா" என்று தலைவர் அன்போடு சொன்னார். நம்மை விட்டுப் போன ஆலெட்டா ஃபிசரைப் பற்றி உட்கார்ந்துகொண்டு பேசுவதா? மாட்டேன். நின்றுதான் பேசுவேன்.

இந்த மண்டபத்தில் இன்று மூச்சுவிட இடமில்லை. அவள் மட்டும் இதைப் பார்த்திருந்தால், "அடியே நோசிசா, போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாரையும் கொல்லைப் பக்கமா அனுப்பு" என்று பதறியிருப்பாள்! சிரிக்கிறீர்கள். சிரிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது. அன்று நம் தென்னாப்பிரிக்காவை ஆண்ட நிறவெறி அரசு அவள்மீது தடை ஆணை போட்டிருந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒருவரோடுதான் அவள் இருக்கலாம். மூன்றாவது ஆள் அறைக்குள் வந்தால் அது கூட்டம். கூட்டமென்றால் சிறை. அவள் சொன்ன சொல்லை இன்னொருவர் மேடையில் சொல்வதும் குற்றம். இன்று நான் சொல்லப்போகிறேன். எவன் வந்து தடுக்கிறான், பார்க்கலாம்!

பழங்களை டப்பாவில் அடைக்கும் அந்தத் தொழிற்சாலையில் எங்களுக்குத் தனிக் குழாய், தனிக் கழிப்பறை. வெள்ளைக்காரப் பெண்களுக்குத் தேநீர் அறை, பீங்கான் கோப்பை. எங்களுக்கு வெளிமுற்றம், தகரக் குவளை. ஒருநாள் ஆலெட்டா, இந்த மெலிந்த ஆப்பிரிக்கானர் வெள்ளைக்காரப் பெண், முற்றத்துக்கு வந்தாள். என் பக்கத்தில் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். என் குவளையை வாங்கிக் குடித்தாள். பண்ணையில் வளர்ந்தவள், எங்கள் கோசா மொழியை என்னைவிட வேகமாகப் பேசுவாள்.

"வாய் வெந்துடும்டி, தகரம்" என்றேன்.

"ஏன், உன் வாய் மட்டும் இரும்பா?" என்றாள்.

அன்று தொடங்கிய நட்பு. தேநீர் அறைக்குள் அதன்பின் அவள் காலெடுத்து வைக்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் ஒரே சங்கம் என்று கையெழுத்து வாங்கத் திரிந்தோம். அவள், நான், என் கணவர் லுங்கிலே. மூவரில் அவளுக்குத் தடை ஆணை வந்தது. லுங்கிலேயைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிணமாகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். படியில் தவறி விழுந்துவிட்டான் என்றார்கள். அந்தக் காவல் நிலையத்தில் படியே கிடையாது, தோழர்களே!

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கணவனை இழந்தவள், அடக்கம் முடியும்வரை தரையில் போட்ட மெத்தையை விட்டு எழக்கூடாது. சுற்றிலும் பெண்கள் இருப்பார்கள். அவளைத் தனியே விடமாட்டார்கள். நான் அந்த மெத்தையில் கிடந்தேன். வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் வந்தார்கள். ஆலெட்டா மட்டும் வர முடியாது. என்னாலும் எழுந்து அவளிடம் போக முடியாது. அழுகைகூட வரவில்லை எனக்கு. அவள் முகத்தைப் பார்த்தால்தான் அழுவேன் போலிருந்தது.

ஆனால் வந்துவிட்டாள்! பட்டப்பகலில், அனுமதிச் சீட்டு இல்லாமல், வெள்ளைக்காரர் நுழையக் கூடாத நம் தெருவுக்குள் நடந்தே வந்தாள். வாசலில் நின்று என் நாத்தனார் யூனிஸ் அக்காவிடம் கேட்டாள்: "அக்கா, அவளும் நானும் மட்டும் இருந்தா சட்டப்படி குத்தமில்ல. கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய இருப்பீங்களா?"

யூனிஸ் அக்கா வாயைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். "புருஷன பறிகொடுத்தவள தனியா விடுறதா? எங்க ஊர்ல அப்படி ஒரு பழக்கமே கெடையாது. வெள்ளைக்காரன் சட்டத்துக்காக எங்க முறைய மாத்தணுமா?" என்று சீறினார். பிறகு ஆலெட்டாவின் காலைப் பார்த்தாராம். தூசு படிந்து, செருப்பு அறுந்து, குதிகாலில் ரத்தம். "சரி, எல்லாரும் எந்திரிங்கடி" என்றார்.

ஆலெட்டா உள்ளே வந்தாள். பக்கத்துப் பாயில்தான் உட்கார வேண்டும், அதுதான் முறை. இவளுக்கு அது எங்கே தெரியும்? நேரே வந்து மெத்தைமேலேயே உட்கார்ந்து, என் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் "ஐயையோ!" என்றார்கள்.

என்ன சொன்னாள் தெரியுமா? எந்த மேடையிலும் சொல்லக்கூடாது என்று அரசு பூட்டிவைத்த அவள் பேச்சு இதுதான்.

"சாப்டியாடி?"

"இல்ல."

"நானும் சாப்பிடல. லுங்கிலே இருந்தா ரெண்டு பேரையும் சேத்துத் திட்டுவான்."

இவ்வளவுதான், தோழர்களே! ஓர் அரசாங்கமே அஞ்சி நடுங்கிய பேச்சு இதுதான். நான் அவள் தோளில் விழுந்து அழுதேன். ஓவென்று அழுதேன்.

போலீஸ் வந்தது. ஓர் அதிகாரி பூட்ஸோடு உள்ளே நுழைந்தான். "இங்க எத்தனை பேர் இருக்கீங்க?" என்றான். அவள் எழவில்லை. "இதுவரைக்கும் ரெண்டு பேருதான் ஐயா. நீங்க வந்துதான் மூணாச்சு. கூட்டம் போட்டது நீங்கதான்" என்றாள். வெளியே துக்க வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அனுமதியில்லாமல் ஊருக்குள் வந்த குற்றத்துக்காக அவளை இழுத்துப் போனார்கள். லுங்கிலேயை அடக்கம் செய்த நாளில் அவள் சிறையில் இருந்தாள்.

அடக்கம் முடிந்ததும் மெத்தையை எடுத்துவிட்டு, துக்கம் கழிய எனக்கு நீர் வார்த்தார்கள். யூனிஸ் அக்காவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "தெரிஞ்சோ தெரியாமலோ அவளும் மெத்தைல உக்காந்துட்டா. உக்காந்தவள அப்படியே விடக்கூடாது" என்றார். ஆலெட்டா விடுதலையான மறுநாள், வாழ்நாளில் எந்த வெள்ளைக்காரருக்கும் வேலை செய்யாத அந்த அம்மாள், வேலைக்காரி மாதிரி ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தகர வட்டிலோடு அவள் தெருவுக்குப் போனார். வாசலில் காவல் நின்றவன், துணி துவைக்க வந்தவள் என்று விட்டுவிட்டான். சமையலறையில் அந்த இருவர் மட்டும். யூனிஸ் அக்கா அவளை உட்காரவைத்துக் கைகாலைக் கழுவிவிட்டார். "இப்ப நீ எங்க வீட்டுப் பொண்ணு. எங்கிட்டயும் திட்டு வாங்கலாம்" என்றாராம்.

தடை போன பிறகும் ஆலெட்டா பழைய வழக்கத்தை விடவில்லை. கூலி கிடைக்காதவர்கள், ஓய்வூதியம் நின்றவர்கள், மகனைக் காணாத தாய்மார்கள், எல்லோரும் அவள் கொல்லையில் காத்திருப்பார்கள். ஒவ்வொருவராகத்தான் சமையலறைக்குள் கூப்பிடுவாள். ஏனென்று கேட்டேன். "கூட்டத்துல யாருக்குடி அழ வரும்?" என்றாள்.

அவளுக்குக் கணவரில்லை, பிள்ளையில்லை. கூடப்பிறந்தவர்கள் அன்றே தலைமுழுகிவிட்டார்கள். அவள் இறந்ததும், அவளுக்காக மெத்தையில் யார் உட்காருவது என்று நான் கேட்டபோது, வெள்ளைக்காரர்களுக்கு அந்த வழக்கமே இல்லையே என்றார்கள் இளைஞர்கள். அவள் உட்கார்ந்தாளே, அப்பா! அவள் உட்கார்ந்தாளே!

அவள் சமையலறைத் தரையில் மெத்தை போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். மெத்தையில் இருப்பவள் வெளியே வரக்கூடாது. யூனிஸ் அக்கா இருந்தால் என் காதைத் திருகியிருப்பார். ஆனால் நேற்று ஒரு பெண், செய்தி தெரியாமல், கைக்குழந்தையோடு கொல்லையில் வந்து நின்றாள். "ஒருத்தர் ஒருத்தராத்தானே உள்ள வரணும்?" என்று கேட்டாள். மெத்தையில் இருந்தபடியே அவளை உள்ளே கூப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சனிக்கிழமை அவளை மண்ணில் வைத்ததும் எனக்கு நீர் வாருங்கள். திங்கள்முதல் அவள் நாற்காலியில் நான் இருப்பேன். எனக்குப் பின் அதில் யார் என்று இப்போதே பேசி வையுங்கள். அந்தக் கதவு சாத்தப்படாது! இது நாம் எல்லோரும் அவளுக்குக் கொடுக்கும் வாக்கு.

ஆலெட்டா, போய் வாடி. அங்கே லுங்கிலேயைப் பார்த்தால் சொல்லு, நோசிசா சாப்பிட்டுவிட்டாள் என்று.