சட்டை கழற்றும் ஊர்

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நீங்கள் சேலத்துக்காரர், மேடம், உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஜிம் நடத்துகிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்தத் தெய்வமும் செய்ய முடியாது. மற்ற ஊர்களில் ஒருவன் வருடக்கணக்கில் பாடுபட்டுக் கையை வளர்த்து, அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு திரிகிறான். இங்கே வெள்ளிக்கிழமை தோறும் கண்காட்சி. அம்மனைக் கும்பிட்டு நிற்பவர்களில் பாதிப் பேர் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்து ஆளின் புஜத்தை அளந்துகொண்டுதான் நிற்கிறார்கள். காலைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, அது வேட்டிக்குள் போய்விடுகிறது. கால் பயிற்சிக்கென்று நான் ஆசையாக வாங்கிப் போட்ட மெஷினில் பையன்கள் ஈரத் துண்டு காயப் போடுகிறார்கள்.

என் பெயர் வைகுண்டராஜன். பூதப்பாண்டி போகிற ரோட்டில், சிமென்ட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறதே, அந்த ஜிம் என்னுடையது. கத்தாரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் டிரெய்னராக இருந்தேன் என்று போர்டில் எழுதியிருக்கிறேன். ஆரம்பத்தில் அங்கே துண்டு மடித்துக் கொடுக்கிற வேலைதான் பார்த்தேன், அதை எழுதவில்லை. ஆனால் தொழிலைக் கண்ணும் கருத்துமாகப் படித்தேன். தசை எப்படி வளரும், எப்படிக் கிழியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

கோயில் குளத்தின் நடுவில் ஒரு கல்தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மன் கொடைத் திருவிழா அன்று காலையில் ஊர்க்காரன் ஒருவன் தாமரை மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நீந்திப் போய், அதைத் தூணுக்குச் சார்த்திவிட்டுத் திரும்ப வேண்டும். கரையேறியதும் அவனுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். ஒரு துண்டுப் பட்டுத்துணிதான், வேறொன்றுமில்லை. அதைக் கட்டிக்கொண்டு, நெஞ்சும் தோளும் ஈரத்தில் மின்ன, செண்டை மேளம் முன்னால் போக ஊரைச் சுற்றி வரும்போது எப்படி இருக்கும் என்பது கட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும். பல வருடமாக அந்தக் கட்டிக்கொண்டவன் நான்தான். வேறு யாரும் கேட்டதில்லை. என் கையைப் பார்த்த பிறகு எவனுக்குக் கேட்க மனம் வரும்?

இந்த வருடம் கோயில் கமிட்டித் தலைவர் கிருஷ்ணமணி அண்ணாச்சிக்கு இளந்தலைமுறைமேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. கூட்டத்தில் அனீஷ் பெயரைச் சொன்னார். அனீஷ் என் ஜிம்மில் வளர்ந்த பையன். நாகர்கோவிலில் டைல்ஸ் கடையில் வேலை. அப்பா இல்லை, அம்மா செல்லக்கனி மட்டும். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அண்ணாச்சிதான் சும்மா இருக்க முடியாமல் என் பக்கம் திரும்பி, "ஏலே ராஜா, ஒனக்கு இனி பரிவட்டத்த வயித்துலதான் கெட்டணும்" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. அனீஷும் சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, மரியாதையாகத்தான் சிரித்தான். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு நடிகரின் கை எல்லாருடைய போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் எதற்கு, பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதுப் படத்துக்காக அவர் கைக்கு மட்டும் செய்த பயிற்சி. முடிந்ததும் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தூக்க முடியாமல் அழகாகச் சிரிக்கிறார். பாட்டிலைத் தூக்கி வாயில் வைக்க ஒரு ஆள் நிற்கிறான். தோளைப் பிடித்துவிட ஒரு ஆள், வேர்வையை ஒற்றியெடுக்க இன்னொரு ஆள், கொஞ்சம் தள்ளி டாக்டர் மாதிரி ஒருவர். அதற்கடுத்த நாட்களில் அவர் மெத்தையில் எப்படிக் கிடந்தார் என்ற பகுதி வீடியோவில் இல்லை. எங்கள் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் நம்பிக் களத்தில் இறங்கிவிட்டார்கள்.

அனீஷ் போனை என்னிடம் நீட்டினான். "மாஸ்டர், பரிவட்டம் கெட்டும்போ கை இப்படி நிக்கணும். ஒரே ஒரு ரீல்ஸ் போட்டா போரும்" என்றான். அவன்தான் கேட்டான், நான் வற்புறுத்தவில்லை. யோக்கியமான மாஸ்டராக இருந்தால், கொடை கழியட்டும் மக்கா, அதுவரை கையைச் சும்மா வை என்று சொல்லியிருப்பான். நான் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். கொடை செவ்வாய்க்கிழமை. பழக்கமில்லாத பயிற்சியின் வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாளில்தான் உச்சத்துக்குப் போகும். நாள் பார்த்து வைப்பது என்றால் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஜிம் விடுமுறை, நானும் அவனும் மட்டும். நடிகர் செய்ததை எல்லாம் செய்ய வைத்தேன். பிறகு நடிகர் செய்யாததையும் செய்ய வைத்தேன். எடையைத் தூக்கும்போது தசை அவ்வளவாகக் கெடாது, மெதுவாக இறக்கும்போதுதான் நார் நாராகக் கிழியும். அதனால் அவனுக்குத் தூக்க முடியாமல் போனதும் நானே தூக்கிக் கொடுத்தேன். இறக்குவதை மட்டும் அவனிடம் விட்டேன். கம்பியில் தொங்கும்போதும் அப்படித்தான், இடுப்பைப் பிடித்து ஏற்றிவிடுவேன், அவன் நடுங்கி நடுங்கித் தானே இறங்குவான். போதும் மாஸ்டர் என்றான். நடிகர் போதும் என்றாரா என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடியும் கம்பியைப் பிடித்தான். இப்படி ஒரு மாணவன் கிடைப்பது கஷ்டம்.

திங்கட்கிழமை மதியம் போன் செய்தான். கை முட்டியில் மடங்கியபடி நிற்கிறது, நிமிரவும் மாட்டேன் என்கிறது, உயரவும் மாட்டேன் என்கிறது, சட்டை போட அம்மா வேண்டியிருக்கிறது என்றான். சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போகிறது என்றும் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னான். தசை சிதைந்து ரத்தத்தில் கலந்தால் அப்படித்தான் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம். சூடு பிடித்திருக்கும், மோர் குடி என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அவனைப் படுக்க வைத்திருப்பார்கள், பரிவட்டம் தானாக என் தலைக்குத் திரும்பியிருக்கும். அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவன் கம்பியில் தொங்குவதைப் பார்க்கும்வரை நானும் அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் செல்லக்கனி அக்கா ஜிம் படியேறி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, எம் பிள்ளைக்குக் கை வாய்க்கு எத்தல்ல. சோறு நாந்தான் வாரிக் குடுத்தேன். நாளைக்கு அவன் நீந்தண்டாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டான், நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஊரே அறிவித்த பிறகு பின்வாங்க அவனுக்கு மானம் இடம் கொடுக்காது. ஆனால் மாஸ்டர் வேண்டாம் என்றால் அது மானக்கேடு ஆகாது. என் ஒரு சொல்லுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. "தண்ணியில எறங்குனா எல்லாம் எளகிரும் அக்கா. தைரியமா போங்க" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் கழுத்தில் மாலையை நான்தான் போட்டேன், அவனால் முடியாது. கை இரண்டும் நன்றாக வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஊர் அதைப் புஜம் என்று எடுத்துக்கொண்டது. மாஸ்டர் கையை எப்படிக் கொண்டுவந்திருக்கிறார் பார் என்று இரண்டு பேர் என்னிடமே வந்து சொன்னார்கள். ரீல்ஸும் எடுத்தாயிற்று. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான், அந்த நடிகரைப் போலவே.

தூண்வரை எப்படியோ போய்விட்டான், அதுவே பெரிய காரியம். மாலையைக் கழற்றிச் சார்த்தக் கை மேலே வரவில்லை. தூணை அணைத்து நெற்றியை அதில் வைத்தபடி கிடந்தான். பக்தி என்று நினைத்துப் பெண்கள் குரவையிட்டார்கள். பிறகு பிடி நழுவியது. தண்ணீரில் தத்தளிக்கிறவன் கையைத் தூக்கி ஆட்டுவான், மேடம். அதைப் பார்த்துத்தான் கரையில் இருப்பவர்கள் காப்பாற்றத் தண்ணீருக்குள் சாடுவார்கள். அனீஷுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. தலை மட்டும் வந்து வந்து போனது. முங்கு நீச்சல் போடுகிறான் என்று கிருஷ்ணமணி அண்ணாச்சி பக்கத்தில் நின்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். செண்டை நிற்கவே இல்லை. கரை நிறைந்த கூட்டத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அப்புறம் சாடினேன். எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்காதீர்கள், தேவையான நேரம் கழித்து. அவனை இரண்டு கையிலும் ஏந்தி, ஒருத்தர் உதவியும் இல்லாமல், படி முழுவதும் ஏறி வந்தேன். அந்த போட்டோ எல்லா வாட்ஸப் குரூப்பிலும் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் கை நன்றாக விழுந்திருக்கிறது. வயிறு தெரியவில்லை, அவன் மறைத்துக்கொண்டிருந்தான்.

செல்லக்கனி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சாடலன்னா எம் பிள்ள மொகங்கூட எனக்குக் கிடைச்சிருக்காது தம்பி" என்று அழுதார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

நீங்கள் தசைப்பிடிப்பு, தவறி மூழ்கி இறந்தான் என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதோடு விட்டிருந்தால் நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் படியை மிதித்திருக்க மாட்டேன். ஆனால் நாகர்கோவிலில் ஒரு ஜிம்காரன், நேற்று முளைத்தவன், இதைப் பற்றி வீடியோ போட்டிருக்கிறான். நீந்தப் போகிறவனுக்குக் கைப்பயிற்சி கொடுக்கக் கூடாது என்ற அடிப்படைகூடத் தெரியாத அரைகுறை மாஸ்டராம் நான். ஊரே அதைப் பார்த்துவிட்டு, ராஜன் பாவம், நல்ல ஆள்தான், விவரம் பத்தாது என்று இரக்கப்படுகிறது. என் பையன்களே என்னைப் பார்த்தால் மரியாதையாகத் தலையைக் குனிகிறார்கள். இதை எப்படித் தாங்குவது? விவரம் தெரியாமல் நடந்ததல்ல இது. எந்தத் தசை எந்த நாளில் கைவிடும் என்று கணக்குப் போட்டு, அவன் அந்தத் தண்ணீரில் சாக வேண்டும் என்று நினைத்து, தெரிந்தே செய்தேன். எழுதும்போது அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டவும் வேண்டாம். சேர்ந்த நாளிலிருந்து அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன், காலுக்கும் செய் மக்கா, காலுக்கும் செய் என்று. அந்த மெஷினில் துண்டைக் காயப் போட்டானே தவிர ஒருநாளும் உட்காரவில்லை. காலில் கொஞ்சம் பலம் இருந்திருந்தால் உதைத்தே கரைக்கு வந்திருப்பான். அவனுடைய அந்த அலட்சியத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?