ஈரப்பத மெஷினும் சமையலறை ஜன்னலும்

ஒரெஸ்ட்: கீழ வராதே தார்க்கா. தரையெல்லாம் தண்ணி.

தார்க்கா: வரல. படியிலயே நிக்கிறேன். என்ன பண்றீங்க... வீட்டச் சூடாக்குற ஃபர்னஸுக்குள்ள தலைய விட்டுட்டு?

ஒரெஸ்ட்: ஃபர்னஸ் இல்ல, அது பக்கத்துல நான் மாட்டின ஈரப்பத மெஷின். பத்து நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள மறந்துட்டியா?

தார்க்கா: மறக்க முடியுமா? சூட்டுக் காத்து வர்ற தகரக் குழாயில தப்பான பக்கம் ஓட்டை போட்டு, அத அடைக்க என் பிஸ்கட் டின்ன வெட்டினீங்களே!

ஒரெஸ்ட்: டின்னு பழசுதானே.

தார்க்கா: உள்ள இருந்த பிஸ்கட் புதுசு.

ஒரெஸ்ட்: சரி விடு, இதக் கேளு. தண்ணி ஒழுங்கா வருது. ஈர அட்டை நனைஞ்சுதான் இருக்கு. டயல் நாப்பதுல நிக்குது. ஆனா மேல ஹாலுல ஈரம் பத்து சதவீதம்னுதான் மீட்டர் காட்டுது. ரெண்டு நாளா இதே கூத்து.

தார்க்கா: மீட்டர் பொய் சொல்லுதோ என்னவோ...

ஒரெஸ்ட்: காத்து வறண்டு, கதவத் தொட்டா ஷாக் அடிக்குதே, அதுவும் பொய்யா? பூனை கூட என் பக்கத்துல வர மாட்டேங்குது.

தார்க்கா: அதுக்கு வேற காரணம் இருக்கும். குளிச்சு எத்தன நாளாச்சு?

ஒரெஸ்ட்: சிரி, நல்லா சிரி. ஜனவரி ஏழு, நம்ம பழைய காலண்டர் கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலே நாள். சர்ச்சுல தனியா பாடப் போறது நீ. போன மாசம் ஒத்திகையில தொண்டை வறண்டு, பாதியில நிறுத்திட்டு வந்து அழுதியே...

தார்க்கா: அழல. வெங்காயம் நறுக்கினேன்.

ஒரெஸ்ட்: கத்தியும் இல்ல, வெங்காயமும் இல்ல. நான் பாத்தேன். அதுக்காகத்தான் இந்த மெஷினே வாங்கினேன்.

தார்க்கா: தெரியும்ங்க... மேல வாங்க. பெரோகி கொழுக்கட்டை ஆறிப் போகுது.

ஒரெஸ்ட்: எனக்கு வேண்டாம். இதக் கழட்டி எறிஞ்சுட்டு ஆளக் கூப்பிடறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் நெஞ்சு மட்டும் இல்ல, கையும் போச்சு, மூளையும் போச்சு. ஒரு மெஷின் மாட்டத் துப்பில்ல எனக்கு.

தார்க்கா: அய்யோ, அப்படியெல்லாம் பேசாதீங்க! மெஷின் நல்லாத்தான் இருக்கு.

ஒரெஸ்ட்: உனக்கு எப்படித் தெரியும்?

தார்க்கா: வலது பக்கம்... குழாய்க்குப் பின்னால ஒரு பிடி இருக்கும். ஒரு முனையில சூரியன், ஒரு முனையில பனி வரைஞ்சிருக்கும்.

ஒரெஸ்ட்: ஆமா, இருக்கு... இது ஏன் சூரியன் பக்கம் இருக்கு? கோடையில காத்த அடைச்சு வைக்கிறதுக்குல்ல அது! நான் பனிப் பக்கம்தானே...

தார்க்கா: நான்தான் திருப்பினேன். வியாழக்கிழமை. நீங்க தூங்கிட்டு இருந்தப்ப.

ஒரெஸ்ட்: நீயா? ரெண்டு நாளா நான் முட்டி போட்டு அட்டைய மாத்தி, ட்யூபக் கழட்டி... நீ மேல நின்னு டீ குடிச்சிட்டு வேடிக்கை பாத்தியா?

தார்க்கா: உங்களுக்கும் ஒரு டீ கொண்டு வந்தேனே.

ஒரெஸ்ட்: தார்க்கா!

தார்க்கா: கத்தாதீங்க, நெஞ்சுக்கு ஆகாது. வெளிய மைனஸ் முப்பது இருந்தா உள்ள பதினஞ்சுக்கு மேல வைக்கக் கூடாதாம். நீங்க நாப்பதுல வச்சிருக்கீங்க. குறிப்புப் புத்தகத்துல கட்டம் போட்டு எழுதியிருக்கு. படிச்சீங்களா?

ஒரெஸ்ட்: அது... மெஷின் ஆடாம இருக்க அடியில சொருகியிருந்தேன்.

தார்க்கா: தெரியும். உருவித்தான் படிச்சேன்.

ஒரெஸ்ட்: அப்ப டயலக் குறைங்கன்னு வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?

தார்க்கா: சொன்னா ஏன்னு கேப்பீங்க.

ஒரெஸ்ட்: ஏன்?

தார்க்கா: பாருங்க, கேட்டாச்சு... உள்ள ஈரம் அதிகமாகி, சமையலறை ஜன்னல் பூரா ஐஸ் கட்டிப் போச்சு. திங்கள்ல இருந்து மூணு நாள், ஒண்ணுமே தெரியல.

ஒரெஸ்ட்: வின்னிபெக்குல ஜனவரியில யார் வீட்டு ஜன்னல்ல ஐஸ் இல்ல? அதுவுமில்லாம அங்க பாக்க என்ன இருக்கு? கார் போற பாதை. பனி. பக்கத்து வீட்டு போஹ்தானோட சுவரு.

தார்க்கா: நீங்க இருப்பீங்க.

ஒரெஸ்ட்: நானா?

தார்க்கா: பனி அள்ளப் போறப்ப பின்னாலயே வராதே, நான் என்ன குழந்தையான்னு அன்னைக்குக் கத்தினீங்க. வர மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். வரலையே. சிங்க் பக்கம் நின்னு பாக்குறேன், அவ்வளவுதான். நீங்க குனிஞ்சு நிமிர்ற வரைக்கும் எனக்கு மூச்சு வராது...

ஒரெஸ்ட்: டாக்டரம்மாதான் மெதுவா அள்ளலாம்னு சொல்லிட்டாங்களே.

தார்க்கா: டாக்டரம்மாவோட வீட்டுக்காரரா பனி அள்ளுறாரு? பாட்டு போனாப் போகுது. வேற யாராவது பாடட்டும். எனக்கு அந்த ஜன்னல் வேணும். கோவமா?

ஒரெஸ்ட்: இல்ல. பிடியப் பனிப் பக்கம் திருப்பிட்டேன். டயல் பதினஞ்சு. பத்துக்கு அது தேவலாம்ல? குளிர் குறைஞ்சா ஏத்திக்கலாம். நீயும் பாடு, ஜன்னலும் இருக்கட்டும்.

தார்க்கா: அப்ப நான் பாத்தா திட்ட மாட்டீங்க?

ஒரெஸ்ட்: தார்க்கா... அந்த மூணு நாள்...

தார்க்கா: என்ன மூணு நாள்? ஐஸ் கட்டியிருந்தப்பவா? அப்பவும் பாதை சுத்தமாத்தானே இருந்துச்சு. நல்லாத்தானே அள்ளினீங்க.

ஒரெஸ்ட்: நான் அள்ளல. பக்கத்து வீட்டு போஹ்தான் வந்து அள்ளினான். நான் வெளிய போய் ஜன்னலப் பாப்பேன், உன் முகம் இருக்காது... எனக்குக் குனியவே பயமா இருந்துச்சு.