புதன்கிழமை பெஞ்சு

என் பெயர் சிங்காரம். வயது இருபத்து நான்கு. இப்போது தானா ராத்தா போலீஸ் நிலையத்தின் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல கான்ஸ்டபிள் காளியண்ணன் எழுதிக்கொள்கிறார். கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். யாரையும் சிரமப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. இதன் நகல் ஒன்று சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அக்கா சீதாவுக்குப் போகும் என்று இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். அதனால் அக்காவுக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அதன் பிறகு வேலை தேடி இந்த மலைக்கு ஏறி வந்தேன். அது எழுபத்தாறாம் வருடம். என்னிடம் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி அட்டை. பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை. இந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று மானேஜர் சொல்லாமல் பெர்மிட் இல்லை. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வாசல் வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு வராந்தா, வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு மேலே மேட்டில் பழைய லயம் இருக்கிறது, தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வேலையிலிருந்து நின்றவர்களை நிர்வாகம் அங்கே குடியிருக்க விட்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இறங்கிப் போய்விட்டார்கள். அந்த லயத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்காது. இருமல்தான் கேட்கும். வாரம் ஒரு தடவை, புதன்கிழமை, கீழேயிருந்து டாக்டர் காரில் வருவார். மத்தியானம் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும், அதனால் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். பழைய லயம் மொத்தமும் அந்தக் காலைப் பொழுதுக்குள் அவரைப் பார்த்தாக வேண்டும்.

தண்ணி மருந்துக்கு அவரவர் வீட்டிலிருந்து காலி பாட்டில் கொண்டு வர வேண்டும். மலைக் குளிரில் பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார முடியாது என்பதால், வந்தவுடன் பாட்டிலை வராந்தா சுவர் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் பின்பக்கம் விறகடுப்புக்குப் போய்க் குளிர் காய்வார்கள். ஒருத்தர் பாட்டிலில் சிவப்புத் துணி, ஒருத்தர் பாட்டிலில் வாழைநார், இப்படி ஓர் அடையாளம். பாட்டில் எங்கே நிற்கிறதோ அதுதான் ஆளுடைய இடம். நான் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே அப்படித்தான். பாட்டிலை மீறி யாரும் பேசிக் கேட்டதில்லை.

வந்த புதிதில் ஒரு நாள். டாக்டர் கிளம்புகிறார், பெஞ்சில் பாதிப் பேர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கிழவர் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காரில் ஏறும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“சிங்காரம், நான் கெளம்புறப்போ இந்த பெஞ்சு காலியா இருக்கணும். ஒன்னால முடியலேன்னா சொல்லு, மானேஜர்கிட்ட வேற ஆள் கேக்கறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நானும் கோபப்படவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. வேலை போனால் பெர்மிட் போகும். பெர்மிட் போனால் எங்கே போவேன்? அக்கா வீட்டில் அத்தான் என்னை எத்தனை நாள் வைத்துக்கொள்வார் என்பது அக்காவுக்கே தெரியும்.

அதனால் உட்கார்ந்து யோசித்தேன். சொறி, காதுவலி, சாதா இருமல், இவர்கள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். மூச்சு வாங்குகிறவர்கள், கால் வீங்கியவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அப்படியில்லை. சட்டையைக் கழற்ற வேண்டும், படுக்க வைக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். அந்த நேரத்தில் ஆறேழு பேரைப் பார்த்துவிடலாம். நோய் அதிகமாக இருப்பவர்கள் நேரமும் அதிகமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த புதன்கிழமை எல்லோரும் அடுப்படிக்குப் போன பிறகு பாட்டில்களைக் கொஞ்சம் மாற்றி வைத்தேன். லேசான வியாதிக்காரர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். மூச்சிரைப்புக்காரர் காளிமுத்துவின் பாட்டில் கடைசி. நேரம் நெருங்கியதும் மிச்சமிருந்த நாலைந்து பேரிடம், “இன்னிக்கு டாக்டர் சீக்கிரம் போறாரு, அடுத்த வாரம் ஒங்களத்தான் மொதல்ல விடுவேன்” என்று பக்குவமாகச் சொன்னேன். எழுந்து போய்விட்டார்கள். வயதானவர்கள் நல்லபடியாகச் சொன்னால் கேட்பார்கள். டாக்டர் வெளியே வந்து பெஞ்சைப் பார்த்தார், என் தோளைத் தட்டினார். அன்று நன்றாகத் தூங்கினேன்.

காளிமுத்து அந்த மழைக்காலம் தாண்டவில்லை. சாவு வீட்டில் விறகு தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு இன்னும் சிலர். பெஞ்சில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. இதில் நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத வேண்டாம் அண்ணே. கவனித்தேன் என்று எழுதுங்கள்.

இன்ஸ்பெக்டர் பவளத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சரி, அவரைப் பற்றிச் சொல்கிறேன். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். தனி ஆள். பாட்டில் கழுத்தில் நீலக் கம்பளி நூல் சுற்றியிருப்பார். கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் குழி விழும். ஒரு தடவை டாக்டர் போகிற போக்கில் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, “அடுத்த வாரம் உள்ள வாங்கம்மா, நல்லா பாக்கணும். ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வரலாம்” என்றார். பெரியம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டால் ஈப்போவுக்குப் போய்ப் பிழைத்துவிடலாம் என்று நம்பினார். பிழைத்துமிருக்கலாம்.

அடுத்த புதன்கிழமை முதல் ஆளாக வந்தார். வரிசை கூப்பிடும்போது அவர் பாட்டில் கடைசியில் நின்றது.

“தம்பி, நான்தானே மொதல்ல வந்தேன்? பனிகூட வெலகலியே.”

“பாட்டில் கடைசியில இருக்கே பெரியம்மா.”

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “அப்ப நான்தான் லேட்டு போல” என்றார்.

பக்கத்தில் இருந்த முட்டிவலிக்காரர் ஆண்டியப்பன் விடவில்லை. “ஒனக்கு மண்டையில எலி பூந்துருச்சு பவளம். காலைல கஞ்சி குடிச்சியான்னு கேட்டா, அதுக்கும் பாட்டிலப் பாத்துதான் சொல்லுவ லா.”

“ஆமா, நீ பெரிய ஞாபகக்காரன். தாலி கட்டுன பொண்டாட்டி பேரு தெரியாம ‘ஏய், ஏய்’னே காலம் தள்ளுனவன்தானே.”

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்கடுத்த வாரம் இன்னும் இருட்டோடு வந்தார். பாட்டில் கடைசியில்தான் நின்றது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். இதற்கிடையில் டாக்டர் ஒருமுறை, “அந்தக் கால் வீங்குன அம்மா வரலியே?” என்று கேட்டார். அன்று உள்ளே ஆள் இருந்தது, வெளியே எட்டுப் பேர் இருந்தார்கள். “மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க டாக்டர்” என்று சொன்னேன். பெரியம்மாவுக்கு மகன் கிடையாது. வாயில் வந்தது அதுதான்.

கொஞ்ச நாளில் பெரியம்மா வேறு மாதிரி ஆகிவிட்டார். இன்று என்ன கிழமை என்று அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுக்கொள்வாராம். உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து கறியை அப்படியே கொட்டிவிடுவாராம். ஒருநாள் என்னிடமே சொன்னார்.

“எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு தம்பி. காலு வீங்குனாக்கூட பரவால்ல. வந்த நேரமே தெரிய மாட்டேங்குதே. இதான் பயமா இருக்கு.”

சூடாக ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பாட்டிலைப் பற்றிப் பேச வேண்டி வரும். அதனால் சீனி இரண்டு கரண்டி கூடப் போட்டேன்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் பாட்டிலை என் கையில் கொடுத்தார். “இனிமே நீயே வச்சிரு தம்பி. ஒன் கையால வச்சா சரியா இருக்கும்.”

அவர் கண்ணெதிரே முதலில் வைத்தேன். அவர் அடுப்படிக்குப் போன பிறகு எடுத்துக் கடைசியில் வைத்தேன். திரும்பினால் ஆண்டியப்பன் நிற்கிறார், சுருட்டுக்கு நெருப்புப் பெட்டி தேடி வந்தவர்.

“சின்னத் தொர, அந்த நீலக் கம்பளி பவளத்தோடது லா.”

“தெரியும் தாத்தா.”

அவருடைய பாட்டிலை நடுவிலிருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு நெருப்புப் பெட்டியைக்கூட வாங்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்கு முதல் ஆளாக உள்ளே போனார். அதற்குப் பின் வந்த வாரங்களிலும் அவர்தான் முதல். பெரியம்மாவைக் கேலி செய்வதை மட்டும் நிறுத்திவிட்டார். அவரைக் குற்றத்தில் சேர்க்க வேண்டாம். அவர் எதையும் நகர்த்தவில்லை.

கடைசிப் புதன்கிழமை விடாமல் மழை. பெரியம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அடுப்படிக்குப் போகவில்லை, பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பாட்டிலை எங்கே வைத்தாய் என்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்து குடை விரித்துக்கொண்டு கிளம்பினார்கள். பெஞ்சில் அவர் மட்டும் மிச்சம். பன்னிரண்டு ஆக இன்னும் நேரம் இருந்தது.

டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார். “இன்னும் யாராச்சும் இருக்காங்களா?”

நான் கதவைத் திறந்து பார்த்தேன். கதவுச் சத்தம் கேட்டதும் பெரியம்மா தலையைத் தூக்கினார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

அவரை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. டாக்டர் படுக்க வைப்பார், ஈப்போவுக்குப் போன் போடுவார், வண்டி வரும்வரை அவரும் போக முடியாது. அதெல்லாம்கூடப் பெரிதில்லை. மகன் வீட்டுக்குப் போனவர் எப்போது வந்தார் என்று பெரியம்மாவிடமே கேட்பார். நான் வாராவாரம் வந்துகிட்டுத்தானே இருக்கேன் என்று அவர் சொல்வார். அவருக்கு அது ஞாபகம் இருக்கும். அவருக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது.

“யாருமில்ல டாக்டர்” என்றேன்.

மழை பலமாக இருக்கிறது, காரைப் பின்கதவுக்கே கொண்டு வரச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். நானே குடை பிடித்து ஏற்றிவிட்டேன். “குட், சிங்காரம்” என்றார்.

திரும்பி வராந்தாவுக்கு வந்தேன். பெரியம்மா கேட்டார், “என் மொற வந்துருச்சா தம்பி?”

“வந்துருச்சு பெரியம்மா. ஒக்காருங்க, கூப்புடுறேன்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கை மிகவும் குளிர்ந்திருந்தது. போன் சுவருக்கு அந்தப் பக்கம், மேசைமேல் இருந்தது. எனக்குப் போன் பேசத் தெரியும். மழை விடுகிற நேரத்துக்கு மூச்சு நின்றது. அவர் பட்ட சிரமத்துக்கு நான்தான் துணையாக இருந்தேன், வேறு யாரும் வரவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆண்டியப்பன் மானேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லும்போது அழுதாராம். எதற்கு அழுதார் என்று எனக்குப் புரியவில்லை. அவருடைய முட்டி இப்போது எவ்வளவோ பரவாயில்லை.

பாட்டில்களை நகர்த்தினாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். நகர்த்தினேன். பவளம் செத்துப்போவார் என்று தெரியுமா என்கிறார். தெரியும். மற்றவர்கள் எத்தனை பேர் என்கிறார். அதை எண்ணுவது என் வேலையாக இல்லை. பெஞ்சு காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் வேலை, அது காலியாக இருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, ஓர் உதவி செய்ய வேண்டும். வருகிற புதன்கிழமைக்கு அந்த வாசலில் ஆள் கிடையாது. வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும், புதன்கிழமை காலை மட்டுமாவது என்னை அங்கே அனுப்பச் சொல்லி மானேஜரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அவர்கள் வயதானவர்கள், பாவம். ரொம்ப நேரம் காத்திருக்க அவர்களால் முடியாது.